குங்குமம் வைத்த பிரம்பு

ஜேர்மனியில் பூவரசு வளராது. அதனால் என்னுடைய அப்பா றைஸ் குக்கரின் வயரால் அடித்தார். சோறு அவிந்ததும் வயரைக் கழற்றி இரண்டாக மடித்து மேசையில் வைப்பார். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். இன்றைக்கும் சோறு கொதிக்கும் மணம் வந்தால் எனக்கு முதலில் முதுகுதான் கூசும், பிறகுதான் பசிக்கும்.

நாங்கள் நூர்ன்பேர்க்கில் இருந்தோம். அப்பா, அம்மா, மூத்தவள் நான், என்னைவிட ஒன்பது வயது இளைய தம்பி. அப்பா ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே எங்கள் வீட்டில் திங்கட்கிழமைதான் அடி நாள். பள்ளிக்கூடத்தில் திருத்தித் தரும் சோதனைத் தாளில் பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டும். அம்மா வைத்தால் செல்லாது என்பது அப்பாவின் சட்டம். செவ்வாயில் கிடைத்த தாளும் வெள்ளியில் கிடைத்த தாளும் பிரிட்ஜுக்கு மேலே திங்கள் வரைக்கும் கிடக்கும். தம்பி தண்ணீர் எடுக்கக்கூட அந்தப் பக்கம் போக மாட்டான்.

பவேரியாவில் நாலாம் வகுப்போடு பிள்ளையின் தலையெழுத்தை எழுதிவிடுவார்கள். ஜேர்மன், கணக்கு, சுற்றாடல் என்று மூன்று பாடம். இங்கே ஒன்றுதான் உச்சம், ஆறுதான் அடிமட்டம். மூன்றின் சராசரி 2.33 என்ற கோட்டைத் தாண்டாவிட்டால் கிம்னாசியம், அங்கிருந்து நேரே பல்கலைக்கழகம். தாண்டினால் வேறு பள்ளிக்கூடம். என்னுடைய முறை வந்தபோது எனக்கு 2.66 வந்தது. அன்றைக்கு வயரின் பிளக் என் புருவத்தைப் பிளந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று அம்மா டொக்டருக்குச் சொன்னார். நாங்கள் இருந்தது நிலத்தளம் என்பது டொக்டருக்குத் தெரியாது.

நான் மற்றப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து, ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர் தொழில் பழகப் போனேன். "பல்லு மினுக்கிற வேலைக்கே உன்னைப் பெத்தனான்?" என்று அப்பா கேட்டார். அதற்குப் பிறகு என்னைக் கைகழுவிவிட்டார். எனக்கு அது விடுதலை. தம்பிக்கு அதுதான் சனியன் பிடித்த நேரம், ஏனென்றால் மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். அப்பா ஊரில் உயர்தரச் சோதனையில் சில புள்ளிகளால் மருத்துவத்தைத் தவறவிட்டவர். அந்தப் புள்ளிகளை என் முதுகில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. இனித் தம்பியின் முதுகில் தேட வேண்டும்.

அப்பாவின் முதலாளி கொரியாக்காரர். இரண்டு பேருடைய ஜேர்மனும் நொண்டி. ஆனால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு நொண்டியும் ஓட்டப் பந்தயம் ஓடும். முதலாளிக்கு ஒரே மகள், என் வயது. சின்ன வயதில் கடையின் பின்மேசையில் இருந்து நாங்கள் இருவரும் வீட்டுப்பாடம் செய்திருக்கிறோம். நல்ல பல்கலைக்கழகம் என்றால் அது கொரியாவின் தலைநகர் சோலில்தான் இருக்கிறது என்று சொல்லி, அவளை அங்கே ஒரு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் எழுத வேண்டிய சோதனை கார்த்திகை மாதத்தில், ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில்தான் ஒருத்தியின் வேலை, கலியாணம், மாமியார் தரும் மரியாதை எல்லாம் முடிவாகும் என்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

தம்பி நாலாம் வகுப்புக்குப் போன புரட்டாதியில் ஒரு திங்கட்கிழமை அப்பா முதலாளியின் வீட்டுக்குப் போய், ஒரு பிரம்போடு திரும்பி வந்தார். மெல்லிய மூங்கில். கைபட்டுக் கைபட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. மாட்டுவதற்கு நுனியில் ஒரு சிவப்புக் கயிறு.

"செஃப் தந்தவர்," என்றார் அப்பா. முதலாளியை அவர் அப்படித்தான் சொல்வார். "இதாலை அடிச்சுத்தான் தன்ர பெட்டையைச் சோல் வரைக்கும் படிப்பிச்சவர். இனி அவைக்குத் தேவையில்லையாம். எங்கட ஆளுக்கு உதவட்டும் எண்டு தந்தவர்."

யாராவது பிள்ளை வளர்ந்தால் பழைய சட்டை தருவார்கள், சைக்கிள் தருவார்கள். எங்களுக்கு அடிக்கும் தடி வந்தது. அப்பா அதைச் சீர்வரிசை போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிரம்போடு அதன் சட்டங்களும் வந்தன. வயரைப் போலக் கண்ட இடத்தில் விளாசக் கூடாது. பிள்ளைதான் பிரம்பை எடுத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். காற்சட்டையை முழங்கால் வரை தானே மடிக்க வேண்டும். தனக்கு எத்தனை அடி தகும் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அடி கெண்டைக்காலில் மட்டும். "அதுதான் முறை. நாங்கள் காட்டுமிராண்டியள் மாதிரி அடிச்சுப் போட்டம்," என்று அப்பா வெட்கப்பட்டார். இன்னொரு சட்டமும் வந்தது. "நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டாப் பாஸ், அஞ்சு மணித்தியாலம் கொண்டாப் பெயில். அது கொரியாக்காரற்ற கணக்கு."

"இஞ்சேருங்கோ, அவன் சின்னப் பிள்ளை," என்றார் அம்மா.

"நீ சும்மா இரு. அடியாத மாடு படியாது."

அடுத்த மாதம் சரஸ்வதி பூசை வந்தது. தம்பியின் புத்தகங்கள், பேனாக்கள், தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பி எல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கப்பட்டன. என்னுடைய பல் புத்தகத்தை வைத்தேன், அப்பா எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு பிரம்பைக் கொண்டுவந்து புத்தகங்களுக்கு மேலே குறுக்காக வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார். மேசன் கரணைக்கு வைப்பதில்லையா, தையற்காரர் மெசினுக்கு வைப்பதில்லையா, இதுவும் கல்விக்கான ஆயுதம்தான் என்பது அவர் நியாயம். அம்மா அவலும் கடலையும் படைத்தார். பூசை முடிந்ததும் பிரம்பு சரஸ்வதி படத்துக்குக் கீழே ஆணியில் ஏறியது. அந்தக் குங்குமத்தை அப்பா ஒவ்வொரு வெள்ளியும் புதுப்பித்தார்.

கார்த்திகையில் முதலாளியின் மகள் சோதனை எழுதினாள். அவளுக்காக அப்பா கோயிலில் தேங்காய் உடைத்தார். அன்று காலை எங்களை இருத்திவைத்து, அப்பா கொரியாவின் சோதனை நாள் கதையைச் சொன்னார். வங்கிகள், கந்தோர்கள் எல்லாம் பிந்தித்தான் திறக்குமாம். பிந்திப் போகிற பிள்ளையைப் பொலிஸ்காரன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவானாம். ஆங்கிலம் கேட்டு எழுதுகிற நேரத்தில் விமானங்கூடப் பறக்காதாம்.

"ஏற்கெனவே மேலை பறக்கிற பிளேன் என்ன செய்யும்?" என்று தம்பி கேட்டான்.

"சுத்திக்கொண்டு நிக்கும்."

"பெற்றோல் முடிஞ்சா?"

அப்பா கன்னத்தில் அறைந்தார். பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. பத்து வயதுகூட ஆகாத ஒருவனுக்கு அந்த விமானத்தில் இருக்கிறவர்களைப் பற்றிக் கவலை வந்திருந்தது. அந்த அறையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த திங்களுக்குக் கணக்கில் மூன்று வந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். "எடுத்துக்கொண்டு வா," என்றார். தம்பிக்கு ஆணி எட்டவில்லை. ஸ்டூலை இழுத்துக்கொண்டுபோய் ஏறி எடுத்தான். இரண்டு கையாலும் நீட்டினான். காற்சட்டையை மடித்தான். ஒரு கால் சரிந்து சரிந்து இறங்க, அதைத் திரும்பத் திரும்ப மடித்தான்.

"எத்தினை?"

"அஞ்சு."

"மூண்டு எடுத்தவனுக்கு அஞ்சு காணுமே?"

"பத்து அப்பா."

பிரம்பு காற்றில் வரும்போது சீழ்க்கை அடித்தது. முதல் அடிக்குத் தம்பி துள்ளினான். மூன்றாவதில் தோல் தடித்து எழும்பியது, அதற்கு மேல் விழுந்த அடியில் வெடித்தது. ரத்தம் காலுறைக்குள் இறங்கியது. எண்ணச் சொன்னதால் அவன் எண்ணினான், எண்ணிக்கை தவறியது, அப்பா முதலில் இருந்து தொடங்கினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். முன்பல்லில் ஒரு துண்டு உடைந்து நாக்கில் கிடந்தது. அம்மா குசினிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அடுத்த நாள் வேலைக்குப் போய், வாயை மூடிக்கொண்டு மற்றவர்களின் பல்லுக்கு விளக்குப் பிடித்தேன்.

மார்கழியில் பெறுபேறு வந்தது. முதலாளியின் மகளுக்குக் கேட்ட இடம் கிடைக்கவில்லை. தொலைபேசியில் செய்தி வந்தபோது முதலாளி குசினியில் நின்றாராம். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த கல்சட்டி ஒன்றை இடுக்கியால் தூக்கி எறிந்திருக்கிறார். அது சுவரில் பட்டுச் சிதறி, கொதிக்கிற கல்துண்டு அப்பாவின் புறங்கையைப் பொசுக்கியது. அப்பா கையில் கட்டோடு வந்து, முதலாளியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பெற்ற வயிறு எரியும்தானே என்றார்.

மகள் தை மாதம் திரும்பி வந்தாள். அப்பாவின் கைக்கு மருந்து கொடுக்க நான் கடைக்குப் போனபோது, பின்பக்கத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஜேர்மனில்தான் பேசுவோம். அந்தப் பிரம்பு எங்கே போனது என்று கேட்டாள். எங்கள் வீட்டில் என்றேன், சாமிப் படத்துக்குக் கீழே என்றேன். அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் யாரிடமும் கேட்டதில்லை, கேட்கவும் விரும்பவில்லை.

"அத்தை நல்லவள். ஒரு நாளும் கை வைக்கவில்லை," என்றாள். "ஆனால் அடிக்க ஆளில்லாமல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. அதனால் நானே அடித்துக்கொண்டேன்." கையுறையைக் கழற்றி, சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரி வரியாகப் பழைய தழும்புகள். "இன்னொரு வருஷம் திரும்ப எழுது என்கிறார் அப்பா. உன் தம்பியை எப்படியாவது வெளியே எடு."

அன்றிரவு அப்பா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தடியால் அவள் படிக்கவில்லை, அழிந்துதான் போனாள் என்று கத்தினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அவளுக்கு விழுந்த அடி காணாது."

மாசியில் தம்பிக்கு ஜேர்மன் பாடத்தில் நாலு வந்தது. 2.33 கையை விட்டுப் போகிற தறுவாயில் இருந்தது. அந்தத் திங்கட்கிழமையை நான் விவரிக்கப் போவதில்லை. பிரம்பின் குங்குமம் எது, ரத்தம் எது என்று அம்மாவால் துடைக்கும்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். கெண்டைக்கால் என்பதால் நீளக் காற்சட்டை மறைத்துவிடும் என்று அப்பா நம்பினார். ஆனால் இரண்டாம் தவணையில் தம்பியின் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை நீச்சல். பள்ளிக்கூடத்துத் தாள்களில் புள்ளியை மட்டும் பார்க்கிற அப்பாவுக்கு அது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் காலுறை போடலாமா என்று என்னைக் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

அந்தச் செவ்வாய் எனக்குத் தொழிற்பள்ளி நாள், மத்தியானத்தோடு வீட்டில் இருந்தேன். அப்பாவும் மத்தியானக் கடை முடித்து, பின்னேரக் கடைக்கு முன்னால் ஆற வந்திருந்தார். மணி அடித்தது. யூகன்ட்அம்ட்டிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு ஆணும் நின்றார்கள். பிள்ளைகளைப் பெற்றோர் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று கவனிக்கும் அரசாங்கக் கந்தோர் அது. உங்கள் மகனைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சுவரில் முட்ட வேண்டும் போல இருக்கிறது. கிம்னாசியத்துக்குப் போகிற பிள்ளையின் வீடு எப்படி, தாய் தகப்பன் படிப்பில் அக்கறை உள்ளவர்களா என்று பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். அம்மா ஓடிப்போய் ரோல்ஸ் பொரித்தார், தேத்தண்ணீர் போட்டார். நான் அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன். "அப்பா, கதையாதேங்கோ," என்று தமிழில் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அந்தப் பெண் சாமிப் படத்தடியில் நின்று, குங்குமம் வைத்த பிரம்பைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். "சாமி, சாமி," என்று அம்மா கும்பிட்டுக் காட்டினார். அப்பா அம்மாவை விலக்கிவிட்டு, பிரம்பை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். நாங்கள் பிள்ளையைத் தெருவில் விடுகிற ஆட்கள் இல்லை என்றார். ஒவ்வொரு கிழமையும் அடிக்கிறேன் என்றார். நான் நாள் முழுக்க அடுப்படியில் நின்றாலும், விடுமுறை நாளில் தூங்காமல் அடிக்கிறேன் என்றார். பிள்ளையே எடுத்துத் தருவான், பிள்ளையே எண்ணுவான், அவ்வளவு ஒழுக்கம் என்றார். தன் வாழ்நாளில் அவர் அவ்வளவு நல்ல ஜேர்மன் பேசியதில்லை. மற்றவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ரோல்ஸை யாரும் தொடவில்லை.

பெண் எழுந்து, மகனை வைத்தியர் பார்த்துவிட்டார், அவன் இன்று வீட்டுக்கு வர மாட்டான் என்றார். அப்பா சிரித்தார். ஏதோ விசேட வகுப்பு என்று நினைத்திருப்பார். ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பான் என்று அவர் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

கதவு மூடியதும், அவர்கள் வாங்காமல் விட்ட பிரம்பை அம்மா எடுத்தார். அப்பாவின் தோளில், கழுத்தில், முகத்தில், சூடு பட்ட கையில் என்று மாறி மாறி அடித்தார். "போ! போய் என்ர பிள்ளையைக் கொண்டுவா!" அம்மா அப்பாவை 'போ' என்று சொன்னது அன்றுதான். இத்தனை வருஷமும் குழாயைத் திறந்துவிட்டு அழுத பெண் மூச்சு வாங்க வாங்க அடித்தார். அப்பா கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லை. கடைசியில் பிரம்பு நெடுக்காகக் கிழிந்து, சிராய் அம்மாவின் உள்ளங்கையில் ஏறியது. நான் மறிக்கவில்லை. மறிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அதற்குப் பிறகு அப்பா ஒடுங்கிப் போனார். இனி அடிக்க மாட்டேன் என்று கையெழுத்து வைத்தார், அவர்கள் சொன்ன வகுப்புக்கும் போனார். பங்குனிக் கடைசியில் கந்தோரின் ஒரு அறையில் தம்பியைப் பார்க்க விட்டார்கள். இந்தச் சந்திப்பு நல்லபடி நடந்தால், வார இறுதிக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா அவனுடைய கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி விரித்துவிட்டு வந்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தம்பியை வளர்ப்புத் தாய் கூட்டி வந்தார். பெரிய உடம்பு, சிவந்த கன்னம், ஈரமான கைகள். அம்மா அவனைக் கட்டிப்பிடித்து மணந்து பார்த்தார். அப்பா தலையைத் தடவினார். எல்லாம் நல்லபடிதான் நடந்தது. மூலையில் அந்தப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தார். புறப்படுகிற நேரத்தில் வளர்ப்புத் தாய், ஒரு சின்ன விஷயம், எனக்கு விளங்கவில்லை, அதனால் கேட்கிறேன் என்றார்.

போன கிழமை அவனுக்குக் கணக்கில் மூன்று வந்ததாம். அவர் அடுப்படியில் நின்றபோது அவன் வந்தானாம். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தானாம். இழுப்பறையைத் திறந்து மரக்கரண்டியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, பத்து என்று சொன்னானாம். உங்கள் நாட்டில் இது ஏதாவது வழக்கமா என்று கேட்டார்.

அடுப்படி ஜேர்மன் அப்பாவுக்கு எங்களைவிட நன்றாக விளங்கும். என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "சமையலுக்கு உதவி செய்ய வந்தவன் எண்டு சொல்லு பிள்ளை." அம்மா என் கையைப் பிடித்தார். பிரம்பு கிழித்த இடம் சொரசொரவென்று என் தோலில் பட்டது. "சொல்லு மோளே. பிள்ளை வீட்டை வரட்டும்."

சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நம்பியிருப்பார். தம்பி வெள்ளிக்கிழமை புது விரிப்பில் படுத்திருப்பான். ஆனால் நான் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்த கையை நினைத்தேன், என் நாக்கில் கிடந்த பல்லை நினைத்தேன். அடி வாங்க வந்தவன் என்று ஜேர்மனில் சொன்னேன். பத்து என்பது தனக்கு எத்தனை அடி வேண்டும் என்ற கணக்கு என்றும் சொன்னேன். மூலையில் பேனா நின்றது.

தம்பி வீடு வர அதற்குப் பிறகு ஒரு கோடை முழுவதும் போனது. அந்தக் கோடையில் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்ப என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவன் கடைசியில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனான் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அன்று அந்த அறையில் அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிதான் அவருக்குக் கிட்டப் போனான். ஒரு பெரிய அதிசயத்தைச் சொல்வது போல, தமிழில், அவர் காதோடு சொன்னான்.

"அவ அடிக்கேல்லை அப்பா. கரண்டியை வாங்கி, சூப்பைக் கிண்டினவ."